மரத்தடியில் ஒரு சின்னக் கல்

காணி கிடைத்த சந்தோஷப் புளுகத்தில் எங்களுக்குக் கண்டதெல்லாம் காணியாகவே தெரிந்தது. இல்லாவிட்டால் என் மனுசன் அந்தப் படத்தை அப்படிப் பார்த்திருப்பாரா!

அரசாங்கத்தின் குடியேற்றத் திட்டத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து உருத்திரபுரத்துக்குக் குடிவந்த முதல் வருஷம். வாய்க்கால் வேலை பார்த்த வெள்ளைக்கார எஞ்சினியர் சீமைக்குத் திரும்பும்போது, சாமான் ஏற்ற உதவிய இவரிடம் கண்ணாடி போட்ட படமொன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். செப்புத் தகட்டில் கீறி மையில் அச்சடித்ததாம். நிறமே இல்லை. பெரிய மரம், புல்லுக்குள் சாய்ந்தும் நிமிர்ந்தும் நிறையக் கல்லுகள், மரத்துக்குப் பின்னால் பாதி மறைந்த ஒரு கட்டடம். இவர் ஒரே பார்வையில் முடிவுகட்டிவிட்டார்: சீமையிலும் குடியேற்றத் திட்டம் இருக்கிறது, இதெல்லாம் எல்லைக்கல்லு, பின்னால் தெரிவது காணி பதியும் கந்தோர். எனக்கென்றால் கால் நிலத்தில் நிற்கவில்லை. வந்தவர் போனவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். மரத்தடியில் இருந்த ஆகச் சின்னக் கல்லை எங்கள் காணியின் மூலைக்கல் என்று வைத்துக்கொண்டேன். விளக்கேற்றும்போது அதைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிடுவேன்.

எங்கள் மூத்த பிள்ளையை மண்ணில் தாட்டுவிட்டுத்தான் நாங்கள் ஆனையிறவைத் தாண்டி இங்கே வந்தோம். பச்சைக் குழந்தையை எரிப்பதில்லை. சுடலை ஓரத்தில் தாட்டு மண்ணை மூடிவிட்டு வந்துவிடுவார்கள். கல்லும் இல்லை, அடையாளமும் இல்லை. பெண்கள் அங்கே போவதும் இல்லை. எந்த இடம் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் இருவரும் அதைப் பற்றிக் கதைப்பதே இல்லை.

முல்லைத்தீவிலிருந்து கருவாடு கொண்டுவரும் வேதக்கார அக்காவுக்கும் படத்தைக் காட்டினேன். அவா சிலுவை போட்டுக்கொண்டா.

"பிள்ளை, இது சேமக்காலையெல்லோ. செத்த ஆக்களைத் தாட்டுக் கல்லு நட்டிருக்கு."

இவருக்கு முகம் இருண்டுபோனது. சுடலைப் படத்தை வீட்டுக்குள் மாட்டி விளக்கும் காட்டியிருக்கிறோமே என்று என்மேல் பாய்ந்தார். கதிரையை இழுத்துப்போட்டு ஏறினார். கழற்றி வாய்க்காலில் வீசப் போகிறாராம். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு வேகம் வந்ததோ, ஓடிப்போய் அவருடைய காலைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுங்கோ. அங்க எல்லாருக்கும் ஒரு கல்லு இருக்கு, எங்கட பிள்ளைக்கு இல்லை. அந்தச் சின்னக் கல்லு அவளுக்கு இருக்கட்டும்."

படத்தில் வைத்த கையை அவர் எடுக்கவில்லை. பிறகு தோளில் கிடந்த துவாயை எடுத்து, மரத்தடி மூலையை மட்டும் துடைத்தார். படம் கொஞ்சம் சரிந்து கிடக்கிறது என்று சொல்லி, அதை நேராக்கிவிட்டு இறங்கினார்.