தண்டவாளத்தில் நீட்டிய பாவு

எங்கள் தெருவில் பாவு நீட்ட இடமில்லாமல் போனதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. வீட்டுக்கு இரண்டு பைக் வாங்கி நிறுத்தியதும் நாங்கள்தான். நெய்வதற்கு முன் பாவு எனும் நெடுக்குப் பட்டு இழைகளை அறுபது அடி நீளத்துக்கு இழுத்துக் கட்டி, விடிந்ததும் கஞ்சி தடவி, வெயில் ஏறுவதற்குள் உலர்த்தி எடுக்க வேண்டும். நடுவில் ஒரு பைக் புகுந்தால் கதை கந்தல். அதனால் பாவு நீட்டும் வேலை மொத்தமும் தெருவுக்குப் பின்னால் இருந்த பழைய ரயில்பாதைக்குக் குடிபோனது. வண்டி நின்று பல வருடங்களான சின்னக் கிளைப்பாதை அது.

இதே தெருக்காரர்கள்தான் மறுபடியும் ரயில் விடச் சொல்லி மனு கொடுத்தார்கள். முதல் கையெழுத்து அப்பாவுடையது. சேலை மூட்டையோடு சென்னை பஸ்ஸில் நின்றுகொண்டே போய் இடுப்பு கழன்றுவிட்டது என்பார். ரயில் ஓடும் பாதை வேறு, பாவு காயும் பாதை வேறு என்பதுபோல எல்லோரும் உற்சாகமாகக் கையெழுத்துப் போட்டார்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. முதலில் ஆட்கள் வந்து பாதையில் மண்டிய புதரை வெட்டினார்கள். இனி பாவில் முள் மாட்டாது என்று அப்பாவுக்குச் சந்தோஷம். பிறகு ஒரு நாள் காலை, கஞ்சி தடவி முடித்த நேரம், தூரத்தில் சிவப்புக் கொடி தெரிந்தது. நான்கு ஆட்கள் தள்ள, நாற்காலியில் உட்கார்ந்தபடி ஓர் அதிகாரி தண்டவாளத்தின் மேலேயே வந்துகொண்டிருந்தார். நாற்காலி எப்படி ரயில்பாதையில் ஓடுகிறது என்று பார்க்க ஓடினேன். அடியில் பலகையும் நிஜமான இரும்புச் சக்கரங்களும் இருந்தன. தொட்டுப் பார்த்தேன்.

அப்பா பாவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். அந்தப் பாவு எங்கள் வீட்டின் இரண்டு மாதச் சாப்பாடு. ஈரத்தோடு சுருட்டினால் இழைகள் ஒட்டிக்கொண்டு ஒன்றுக்கும் ஆகாது.

"ஈரமா இருக்குது சார். ஒரு அரை மணி நேரம் குடுங்க, காஞ்சதும் எடுத்துடுறோம்" என்றார்.

அதிகாரி இறங்கிப் பாவைச் சுற்றி நடந்தார். எந்த ஊர்ப் பட்டு என்று விசாரித்தார். திட்டு விழப்போகிறது என்று நின்றிருந்தோம். அவரோ ஆட்களைப் பார்த்துத் தலையசைத்தார். நான்கு பேரும் வண்டியை அப்படியே தூக்கி, பாவின் ஓரமாக நடந்துபோய், அந்தப் பக்கம் தண்டவாளத்தில் இறக்கிவைத்தார்கள். ஓர் இழைகூட அறவில்லை.

"ரயிலையும் இப்டித்தான் தூக்கி வெப்பாங்களாபா?" என்று கேட்டேன். பாவு பிடிக்க வந்திருந்த மாமா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. காய்ந்துகொண்டிருந்த பாவையும் அதன் அடியில் ஓடிய தண்டவாளத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அதிகாரியிடம் போய், வண்டி விட்டால் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டார்.

"காலையில ஆறரைக்கு. உங்க மனுவுல கேட்ட டைம்தானே" என்றார் அதிகாரி.

அப்பா கும்பிட்டார். நான் நிற்கவில்லை. இவ்வளவு நல்ல சேதியை நான்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தெருவுக்கு ஓடினேன். பக்கத்து வீட்டு அத்தை தங்கள் பாவுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். ஆறரைக்கு ரயில் வருகிறது என்றேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, நிஜமா என்று கேட்டாள். சாமி சத்தியம் என்றேன். சந்தோஷத்தில்தான் அவள் அடுப்பை அணைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடினேன்.