காப்புக் கட்டியவனோடு ஈப்போவுக்கு ஒரு ரக்பி மாலை

1979-இல் ஒரு சனிக்கிழமை எங்கள் ரப்பர் தோட்டத்திலிருந்து மலேசியாவின் ஈப்போ நகரத்துக்கு ரக்பி பார்க்கப் போனேன். ஆடப் போனவன் என் மனைவி லெட்சுமியின் தம்பி மணியம். ஈப்போவில் ஒரு பட்டறையில் வேலை; பட்டறை அணியில் ஓரத்தில் ஓடுகிறவன். எங்கள் தோட்டத்தில் பந்து என்றால் உருண்டைதான். முட்டை வடிவப் பந்தை எப்படி உதைப்பார்கள் என்று பார்க்க எனக்கு ஒரே ஆவல்.

சிக்கல் ஒன்று இருந்தது. லெட்சுமி அறுவைச் சிகிச்சையிலிருந்து பிழைத்து வந்ததற்கு நேர்ந்துகொண்டு, தீ மிதிக்க மணியம் காப்புக் கட்டியிருந்தான். காப்புக் கட்டியவன் மாலை ஏழு மணிக்குக் கோயிலில் விளக்கு வைப்பதற்குள் தோட்ட எல்லைக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் காப்பை அறுத்துவிடுவார்கள்; அந்த ஆண்டு தீ மிதிக்க முடியாது. "அதெல்லாம் நான் கூட்டிட்டு வந்துருவேன்" என்று லெட்சுமியிடம் வாக்குக் கொடுத்தேன். ஆட்டம் நான்கு மணிக்கு, மொத்தம் எண்பது நிமிடம், இடையில் ஐந்து நிமிடம். 5.25-க்கு முடியும், 5.45 பஸ்ஸைப் பிடிக்கலாம். கணக்கு என்னுடையது.

எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ பதினெட்டு மைல். பஸ்ஸில் முக்கால் மணி நேரம், ஆளுக்குத் தொண்ணூறு காசு. திடலில் என் பக்கத்தில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர், ஆஸ்பத்திரியில் கிராணி, அதாவது குமாஸ்தா. அவரை நான் கேள்வியால் துளைத்துவிட்டேன்.

"ஏன் சார் பின்னாலேயே குடுக்குறாங்க? பயமா?"

"கையால முன்னுக்கு எறியக் கூடாது தம்பி. பந்தைக் கொண்டுபோய் அந்தக் கோட்டுக்கு அங்கால தரையில வச்சால் நாலு புள்ளி."

இப்படி மோதுகிறார்களே, கவசம் இல்லையா என்றேன். காதுக்குத் தோல் பட்டி, பல்லுக்கு ஒரு ரப்பர், அதுவும் விரும்பினால்தான் என்றார். நாங்கள் மரத்தில் வெட்டுகிற ரப்பர் பால் எங்கெல்லாம் போகிறது பாருங்கள். யார்தான் இதை ஆடுகிறார்கள் என்று கேட்டதற்கு, விடுதிப் பள்ளிகள், போலீஸ், ராணுவம் என்று அடுக்கினார்.

அடிபட்டவர்களுக்காக நேரத்தைக் கூட்டுவார்கள் என்பதை மட்டும் நான் கேட்கவில்லை. மணி 5.35. எங்கள் அணி ஆறு, எதிரணி ஒன்பது.

"நேரம் முடிஞ்சுது. ஆனால் பந்து செத்தால்தான் ஆட்டம் முடியும்" என்றார் அவர்.

"எப்படிச் சாகும்?"

"கோட்டுக்கு வெளியால போனால் போதும்."

அந்த நேரம் பார்த்துப் பந்து மணியத்தின் கையில். வெளிக்கோடு அவனுக்கு இரண்டடி தள்ளி. நான் எழுந்து, "மணி, வெளிய அடிலா, பஸ்ஸு போயிரும்" என்று கத்தினேன். கிராணி என்னைப் பைத்தியக்காரனைப் போலப் பார்த்தார். மணியம் உள்பக்கம் திரும்பி ஓடினான், விழும்போது பின்னால் வந்தவனுக்குப் பந்தைக் கொடுத்தான். அது மேலும் நான்கைந்து கை மாறிக் கோட்டைத் தாண்டியது. பத்துக்கு ஒன்பது. நானும் குதித்தேன், பொய் சொல்வானேன்.

5.45 பஸ் போய்விட்டது. அடுத்தது 6.30. தோட்ட வாசலை அடைந்தபோது 7.25. பூசாரியும் லெட்சுமியும் நின்றிருந்தார்கள்.

"என் தப்புதான், நேரத்தத் தப்பா..." என்று ஆரம்பித்தேன்.

"இல்லக்கா," என்றான் மணியம். "மச்சான் கத்துனது எனக்குக் கேட்டுச்சி. நான்தான் அடிக்கல." கையை அவனே பூசாரியிடம் நீட்டினான்.

பூசாரி மஞ்சள் கயிற்றை அறுத்தார். லெட்சுமி அவனிடம், "ஜெயிச்சீங்களா?" என்றாள்.

"ஜெயிச்சோம்க்கா."

"அப்ப வா, சாப்பிடு." என்னைக் கூப்பிடவில்லை.

அடுத்த ஆண்டு அவன் தீ மிதித்தான். ரக்பி பார்க்கப் போகிறவர்களுக்கு: திடலின் ஓரத்தில் நடுக்கோட்டுப் பக்கமாக உட்காருங்கள், குடை கொண்டுபோங்கள், கடைசி பஸ்ஸை நம்புங்கள், அதற்கு முந்தியதை நம்பாதீர்கள். கூட வருகிறவன் ஆடுகிறவனாக இருந்தால், அவன் எப்போது வீடு திரும்புவான் என்று அவன் சார்பில் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.