பட்டறை வரிசை

பெற்றவர்கள் அவனுக்கு ஆசையாய் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். பட்டறைத் தெருவில் போய் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். செவன்பின் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கையைக் காட்டும். ஜீப்பின் பின்னால் ட்ரெய்லர் மாட்டி ஓட்டுகிறவர்களுக்கு அங்கே அவனை விட்டால் வேறு ஆள் கிடையாது. ட்ரெய்லரின் விளக்குகள் ஜீப்பிலிருந்து கரண்ட் வாங்கித்தான் எரிய வேண்டும். அதற்காக பம்பருக்குக் கீழே ஒரு சாக்கெட் மாட்டுவார்கள். அதில் ஏழு பின் ஒரே வரிசையில் இருக்கும். இண்டிகேட்டர், ரிவர்ஸ் லைட், எர்த், பிரேக் லைட் என்று ஒவ்வொரு ஒயரும் அதனதன் பின்னில் போய் உட்கார வேண்டும். தரையில் மல்லாந்து படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, தன் வாலிபம் மொத்தத்தையும் அவன் அந்த பம்பர்களுக்குக் கீழேயே தொலைத்தான்.

பட்டறை அவனுடையதா என்றால் அதுவும் இல்லை, அக்கா புருஷனுடையது. அப்பா செத்த கையோடு அக்காவின் பின்னால் வந்து சேர்ந்தவன், மாடியில் பழைய பேட்டரிகளுக்கு நடுவே ஒரு கட்டில் போட்டுக்கொண்டான். கல்யாணப் பேச்சை எடுத்தபோதெல்லாம் அத்தான் இந்த சீசன் போகட்டும் என்றார். சீசன்கள் போயின. அவன் தலைமுடியும் போனது.

வேலைக்கு வந்த புதிதிலேயே அவன் ஒரு தப்பைக் கண்டுபிடித்துவிட்டான். ஒயர் வரிசையைக் காட்டும் படம் சாக்கெட்டை முன்னாலிருந்து பார்க்கிறவனுக்கானது. ஒயரை மாட்டுவதோ பின்னாலிருந்து. அந்தப் பக்கம் போனால் இடது வலதாகிவிடும் என்று அத்தானுக்குத் தோன்றவே இல்லை. பட்டறை தொடங்கிய நாளிலிருந்து படத்தைப் பார்த்து அப்படியே பின்பக்கம் மாட்டித் தள்ளியிருக்கிறார். பிரேக் லைட் ஒயர் ரிவர்ஸ் லைட்டின் இடத்தில் போய்க் குந்தியிருக்கிறது. அப்படியும் விளக்குகள் ஒழுங்காக எரிந்தன. எப்படி? ட்ரெய்லரின் பிளக்கையும் அதே பட்டறையில், அதே மாதிரி தலைகீழாக மாட்டியிருந்தார்கள். இரண்டு தப்பும் கட்டிப்பிடித்துக்கொண்டு சரியாகிவிட்டன!

அவன் பதறிப்போய் அத்தானிடம் சொன்னான். அவர் முதலில் கையை ஓங்கினார், பிறகு யோசித்தார். யோசித்ததும் அவருக்கு அந்தத் தப்பின் மேல் பாசமே வந்துவிட்டது. ஒரு தடவை இங்கே மாட்டிய வண்டி வேறு எந்தக் கடையிலும் ஒத்துவராது, சுற்றிச் சுற்றி இங்கேதான் வந்தாக வேண்டும். அன்றிலிருந்து அதற்குப் பட்டறை வரிசை என்று பெயர். வெளி ட்ரெய்லர் எது வந்தாலும் அதன் பிளக்கைப் பிரித்துத் தலைகீழாக்கித்தான் அனுப்பினார்கள். எத்தனையோ முறை மாற்றிவிடலாம் என்று கெஞ்சிப் பார்த்தான். சோறு போடுகிற கையைக் கடிக்காதே என்று பதில் வந்தது. வேறு வழி தெரியாமல், வேறு ட்ரெய்லர் மாட்டுவதற்கு முன்னால் இங்கே காட்டிவிட்டுப் போங்கள் என்று ஒவ்வொரு வண்டிக்காரரிடமும் தொண்டை வற்றச் சொல்லி அனுப்புவான்.

எல்லாரும் கேட்பார்களா? ஒரு தச்சர் அவசரத்துக்கு வாடகை ட்ரெய்லர் ஒன்றை மாட்டிக்கொண்டு மழையில் கிளம்பினார். பாலத்து இறக்கத்தில் பிரேக்கை மிதித்தார். பின்னால் சிவப்பு எரியவில்லை, ரிவர்ஸ் லைட் வெள்ளையாய் மினுங்கியது. ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்த ஒரு நர்ஸம்மா அப்படியே போய் மோதினாள். உயிர் தப்பியது, இடுப்பு நொறுங்கிவிட்டது.

விசாரணைக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. அன்றைக்குச் சாயங்காலம் அக்கா சாப்பாட்டுத் தட்டோடு மாடியேறி வந்தாள். அவள் மாடியேறியே வருஷக்கணக்காகிறது. பட்டறையை மூடிவிட்டால் பிள்ளைகள் படிப்பு என்னாவது, வாங்கிய வீடு என்னாவது என்று அழுதாள். அவன் தட்டைத் தொடவில்லை.

"உனக்கென்னடா தம்பி, பொண்டாட்டியா, பிள்ளையா? தெரியாம பண்ணிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடேன்."

"தெரியாமலா? அத்தான்கிட்ட நான் சொன்னப்போ நீயும் பக்கத்துல தானேக்கா இருந்தே?"

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவனுக்குப் பொண்டாட்டி பிள்ளை இல்லாமல் ஆக்கியது யார் என்று கேட்க வாய் வரை வந்தது. இந்த உலகத்தில் அவனுக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று, வேலை தெரிந்தவன் என்ற பேர். அதைத்தான் கேட்கிறாள். அப்படிச் சொன்ன பிறகு எவன் அவனை நம்பி வண்டிக்கு அடியில் படுக்க விடுவான்? ஆனால் கேட்டவள் அக்கா. அவளை விட்டால் அவனுக்கு யாரும் இல்லை என்பது அவளுக்கும் நன்றாகத் தெரியும், பாவி!

மறுநாள் விசாரணை அறையில் அத்தான் இஸ்திரி போட்ட சட்டையில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் தச்சரின் ஜீப்பிலிருந்து கழற்றிய சாக்கெட். அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதை மாட்டியது யார் என்றார். நான்தான் என்றான். ஏன் இப்படித் தலைகீழாய் மாட்டினாய் என்றார்.

அவன் சாக்கெட்டையே பார்த்தான். அத்தானின் செருப்பு மேஜைக்குக் கீழே அவன் காலை லேசாக இடித்தது.

"எனக்கு வேலை சரியாத் தெரியாது சார்," என்றான்.

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "தெரியாத வேலையில எதுக்குய்யா கை வச்சே? அங்க ஒரு பொம்பளை எழுந்து நடக்க முடியாமக் கிடக்குது."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அத்தான்தான் பெருமூச்சு விட்டு, அதிகாரியைப் பார்த்துக் கையை விரித்தார்.

"அதைத்தான் சார், இவன்கிட்ட நானும் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே?"