தனம், நீ பஸ்ஸில் சொன்னதைத்தான் சொன்னேன்

தனம் போய்விட்டாள். இன்று காலை, லைட்ஹவுஸ் குப்பத்தில், அவள் வீட்டிலேயே.

எத்தனையோ பேர் போன் செய்கிறீர்கள். எடுத்துப் பேச முடியவில்லை... அதனால் இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தனலட்சுமி, நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். நான் லேப். இரண்டு பேரும் சேர்ந்துதான் பயோஎதிக்ஸ் எம்.ஏ. சேர்ந்தோம். சனி ஞாயிறு கிளாஸ். பழவேற்காட்டிலிருந்து பஸ், பொன்னேரியிலிருந்து ரயில், சென்னை.

கிளாஸில் டாக்டர்கள், வக்கீல்கள், தத்துவம் படித்தவர்கள், ஒரு பாதிரியார். நடுவில் நாங்கள் இருவர். வைத்தியத்தில் எது சரி, எது தப்பு, அதை யார் முடிவு செய்வது... இதுதான் படிப்பு.

"நல்லது கெட்டது தெரிஞ்சிக்க ஒரு காலேஜா?" என்று அவள் அண்ணன் சேகர் கிண்டல் செய்வார். "உன்ன மாதிரி ஆளுங்களுக்குத்தாண்ணா தொறந்து வச்சிருக்காங்க" என்பாள்.

ஒருநாள் கிளாஸில் வென்டிலேட்டரைப் பற்றிப் பேச்சு வந்தது. பிழைக்க மாட்டார் என்று தெரிந்த ஒருவருக்கு அதை எப்போது எடுப்பது, யார் சொல்வது? நோயாளி விருப்பம்தான் என்றார் வக்கீல் நண்பர். குடும்பம்தான் என்றார் ஒரு டாக்டர்.

தனம் எழுந்தாள். "சார், எங்க குப்பத்துல ஒருத்தர் செத்தா, எடுக்கிற வரைக்கும் ஒரு போட்டும் கடலுக்குப் போவாது. ஊரே வேலைய விட்டுட்டு நிக்கும். அப்ப அந்த முடிவுல ஊருக்கும் பங்கு இருக்குதா, இல்லியா?"

இதையே தீசிஸாக எழுது என்றார் புரொபசர். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பாதி எழுதியும் விட்டாள்.

அன்று திரும்பும்போது பஸ்ஸில் வேர்க்கடலை தின்றுகொண்டே சொன்னாள். "எனக்கு அந்த மாதிரி எதுனா ஆச்சுன்னா பைப்புலாம் வேணாம் பர்வீனு. வூட்டுக்கு இட்டுனு பூடு."

"வாயக் கழுவு" என்றேன். சிரித்தாள். கடலைத் தோலை ஊதி என் துப்பட்டா முழுக்கப் பறக்கவிட்டாள். அப்புறம் என் தோளிலேயே தூங்கிவிட்டாள்.

விளையாட்டாகச் சொன்னாளா, நிஜமாகவே சொன்னாளா... இப்போது நான் யாரைப் போய்க் கேட்பது?

போன வாரம் டியூட்டியில் தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தவள்தான். மூளையில் ரத்தக்கசிவு. சென்னைக்குக் கொண்டுபோனார்கள். ஐசியு. வென்டிலேட்டர்.

நேற்று டாக்டர்கள் கூடிப் பேசினார்கள். இனி திரும்ப வழியில்லை, வைத்திருப்பதா எடுப்பதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார்கள்.

சேகர் அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நீதாம்மா அதுகூட படிக்கிற. எங்களுக்கு ஒண்ணும் புரியல. இன்னா பண்றது, நீ சொல்லு."

படித்தது ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. இதே கேள்விக்குப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். அழுகைதான் வந்தது. ஓடிவிடலாம் போலிருந்தது.

"அது உங்கிட்ட எதுனா சொல்லிச்சா?" என்று கேட்டார்.

சொன்னேன். பஸ்ஸில் சொன்னதை அப்படியே சொன்னேன். விளையாட்டாகக்கூடச் சொல்லியிருக்கலாம் அண்ணா என்றும் சொன்னேன். அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

அப்புறம் ஊருக்குப் போன் போட்டார். "நாளைக்கு யாரும் கடலுக்கு எறங்க வேணாம். தனத்த இட்டுனு வரோம்."

தனத்தின் அம்மாவிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போகிறோம் என்றதும் மகள் தேறிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். ஆம்புலன்ஸில் அவள் தலையைக் கோதிக்கொண்டே வந்தார். "வூட்டுக் காத்து பட்டா எல்லாம் சரியாப் பூடும்" என்று என்னிடம் சொன்னார். நான் தலையாட்டினேன்.

கூட வந்த நர்ஸ் காற்றுப் பையை அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

பாலம் தாண்டிக் குப்பத்துக்குள் வந்தோம். நன்றாக விடிந்திருந்தது. ஃபைபர் போட் எல்லாம் மணலில் ஏறிக் கிடந்தன. ஆண்கள் கரையில் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள்.

அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

"இன்னா நைனா, ஒரு போட்டும் போவல... ஊர்ல யாரு பூட்டாங்க?"

சேகர் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தனத்தைப் பார்த்தேன். அவள் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அதற்குள் வீடு வந்துவிட்டது.

சாயங்காலம் எடுக்கிறார்கள். வர முடிந்தவர்கள் வாருங்கள். கிளாஸ் நண்பர்களே, சனிக்கிழமை நான் வருவேனா என்று தயவுசெய்து இப்போது கேட்காதீர்கள்... தனியாக அந்த பஸ்ஸில் ஏற என்னால் முடியாது.

தனம்... நீ பஸ்ஸில் சொன்னதைத்தான் சொன்னேன்டி. அதுக்கு மேல ஒரு வார்த்தை நான் சொல்லல.

போய் வா.