நாலாவது கிண்ணம்

கரையான்சாவடியில் ஆட்டோ பஞ்சராகி நிற்கிறது. பூந்தமல்லியில் சித்தப்பா வீட்டில் இன்று என் அப்பாவுக்குத் திதி. நான் ஒரே மகள்; ஆனால் செய்யப்போவது சித்தப்பா மகன். பசியில் சிணுங்கும் பாப்பாவோடு எதிரிலிருக்கும் நூடுல்ஸ் கடைக்குள் நுழைகிறேன். கடைக்கார அக்கா வியட்நாம்காரர், இந்த ஊர் மருமகள்.

ஆளில்லாத மேசையில் மூன்று கிண்ணம் சோறு ஆவி பறக்கிறது. பாப்பா கை நீட்டுகிறாள்.

"தொடாத கண்ணு. எங்க அப்பா, அம்மா, மாமா துன்னுகினு கீறாங்க. ஊதுவத்தி அணைஞ்சாத்தான் நமக்கு."

காலி நாற்காலிகளைப் பார்க்கிறேன்.

"இறந்தவங்களுக்கு மகன்தானே செய்யணும்? கன்பூசியஸ் அப்படித்தான் சொன்னார்னு படிச்சிருக்கேன்."

"அவரு சீனாலேந்து வந்து எங்க ஊர் பொம்பளைங்க கைல மாட்டிகினாரு" என்று சிரிக்கிறார். "அண்ணன் கீறான். நானும் வெக்கிறேன். பொண்ணு வெச்சா துன்ன மாட்டாங்களா இன்னா?"

அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். அக்கா நாலாவது கிண்ணம் வைத்து, ஒரு வத்தியை என் கையில் தருகிறார். இது சரியா, தவறா? தெரியாமலே ஏற்றிவிடுகிறேன்.

மற்ற வத்திகளின் சாம்பல் உதிர்கிறது. என்னுடையது உதிராமல் வளையமாகச் சுருள்கிறது.

"சுருண்டுச்சுன்னா வந்துட்டாருன்னு அர்த்தம்" என்கிறார் அக்கா, குரலைத் தாழ்த்தி.

பாப்பா தன் நாற்காலியை நகர்த்தி யாருக்கோ இடம் விடுகிறாள்.

வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கிறார். சித்தப்பா வீட்டில் காத்திருப்பார்கள். வத்தி பாதிதான் எரிந்திருக்கிறது. அப்பா சாப்பிடும்போது நான் எப்படி எழுந்து போவது?