வெள்ளவத்தையா, கொட்டாஞ்சேனையா?

என் தங்கை மகளுக்குக் கொழும்பில் ஒரு நேர்முகத் தேர்வு. கிளிநொச்சியில் எங்கள் வீட்டுக் குசினி வாசலில் குந்திக்கொண்டு, தங்குவதற்குக் கைபேசியில் அறை தேடிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளவத்தை என்று ஒரு படம் வந்தது. வெள்ளைக் கட்டில், வெள்ளைத் தலையணை. அடுத்தது பம்பலப்பிட்டி. அதற்குப் பிறகு கொட்டாஞ்சேனை. விரலால் ஒரு தள்ளுத் தள்ளினாள், கொட்டாஞ்சேனை போய்விட்டது.

"ஏனடி, அதுக்கென்ன குறை?"

"சும்மா இருங்கோ பெரியம்மா. ஹார்பர் பக்கம் ஆர் போய் நிக்கிறது?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். இவளுக்கு என்ன தெரியும், சொல்லுங்கள்? கொழும்புக்குப் போகிறவர்கள் எந்தப் பகுதியில் நிற்கவேண்டும் என்று சொல்வதுதான் ஒரு காலத்தில் என் தொழிலாகவே இருந்தது.

போர் முடிந்து பாதை திறந்து, சனங்கள் முகாம்களிலிருந்து திரும்பி வந்து தகரக் கொட்டில்களில் குடியிருந்த காலம் அது. உடையார்கட்டிலிருந்து சைக்கிளில் புதுக்குடியிருப்புக்குப் போவேன். அங்கே சந்திக்குப் பக்கத்தில், கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸுக்கு சீற் பதிகிற ஒரு சின்னக் கடை. ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு தொலைபேசி, நான். பின்பக்கத்தில் கொழும்புக்கு அனுப்பும் கருவாட்டுப் பார்சல்கள் அடுக்கியிருக்கும். அந்த மணம் என் தலைமுடிக்குள் ஏறி, வீட்டுக்குப் போனால் பூனை பின்னால் வரும். கலியாணம் பேசி வந்தவர்கள்கூட ஒருதரம் மூக்கைச் சுளித்தார்கள். அவர்கள் போகட்டும்.

சீற் பதிய வருகிறவர்களிடம் நான் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "எங்க இறங்கப் போறியள்?" விடியும்போது பஸ் முதலில் கொட்டாஞ்சேனைக்குப் போகும். பிறகு காலி வீதியால் ஓடி வெள்ளவத்தையில் முடியும். இடம் தெரிந்தால்தான் சாமானை எந்தப் பக்கம் ஏற்றுவது என்று பஸ்ஸில் சாமான் ஏற்றுகிற பெடியனுக்குச் சொல்லலாம். ஆனால் நம்முடைய சனத்திடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் உடனே பதில் வருமா? மேசையில் முழங்கையை ஊன்றி, "நீர் என்ன சொல்லுறீர் பிள்ளை?" என்பார்கள்.

நானும் விடமாட்டேன். "தனியப் போற பொம்பிளையள் எண்டா வெள்ளவத்தை. கடைப் பெயர்ப்பலகையெல்லாம் தமிழிலதான். தோசைக்கும் குறைவில்லை, கோயிலுக்கும் குறைவில்லை. கடைச் சாமான் எடுக்கிறதெண்டா கொட்டாஞ்சேனையில இறங்குங்கோ, புறக்கோட்டை கிட்ட." கையை நீட்டி வலம் இடம் எல்லாம் காட்டுவேன். பகிடி என்னவென்றால், நான் அதுவரை வவுனியாவைத் தாண்டினதில்லை. போய்வந்தவர்கள் சொன்னதைப் போகிறவர்களுக்குச் சொன்னேன், அவ்வளவுதான். அதிலும் பாதி, தண்ணீரூற்று என்ற ஊரிலிருந்து வருகிற முஸ்லிம் பெரியவர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர் சொன்னது. அவர் துணிக்கடை வைத்திருந்தார். புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். சரக்கெடுக்க அடிக்கடி எங்கள் பஸ்ஸில் போவார். கொட்டாஞ்சேனையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் பஸ் ஹோர்ன் அடிக்கும் வரை நிறுத்தமாட்டார்.

இடம் தெரிவு செய்வது என்றால் அப்போது கட்டிலையும் தலையணையையும் பார்த்துச் செய்வதா என்ன! அடையாள அட்டையில் வன்னி விலாசத்தைக் கண்டால் சில லொட்ஜ்களில் அட்டையை ஒருதரம், ஆளை ஒருதரம், திரும்பவும் அட்டையை ஒருதரம் பார்ப்பார்கள். யார் வீட்டில் கேள்வி கேட்காமல் கதவைத் திறப்பார்கள் என்பதுதான் முதல் யோசனை. அடுத்த யோசனை சொந்தக்காரர். கொழும்பில் ஒரு மச்சாள் இருக்க வேறு இடத்தில் நின்றீர்களோ, செத்தாலும் மறக்கமாட்டா.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் பிலோமினாக்கா வந்தார்.

முல்லைத்தீவுக் கரையில் இருப்பவர். கருவாடு போட்டு எங்கள் பஸ்ஸில் அனுப்புகிறவர் என்பதால் எனக்குப் பழக்கம். அன்றைக்குப் பார்சல் இல்லை. பூசைக்குப் போகிற சேலையில் வந்து நின்றார். கணவர் இல்லாத மனுசி, ஒரே மகன் றெஜி. வெளிநாட்டுக் கப்பலொன்றில் வேலைக்குப் போனவன். இரண்டு மாரிக்காலம் போய்விட்டது, பிள்ளையின் முகத்தை அவர் காணவில்லை. இப்போது அந்தக் கப்பல் கொழும்புக்கு வருகிறது. பெட்டி இறக்கி, பெட்டி ஏற்றி, ஒரு நாளில் திரும்பிவிடும். முல்லைத்தீவுக்கு வந்துபோக நேரமே இல்லை. கப்டன் விட்டால் துறைமுக வாசலுக்கு வெளியே கொஞ்ச நேரம் வரலாம், விடாவிட்டால் அதுவும் இல்லை.

"வெள்ளவத்தையில மச்சாள் இருக்கிறா. தன்ர வீட்டிலதான் நிக்கவேணுமாம்" என்றார்.

"நல்லதுதானே அக்கா. பாதுகாப்பு. றெஜி வெளியால வந்தா ஃபோன் எடுப்பான், ஓட்டோ பிடிச்சுப் போகலாம்" என்றேன், நாள்தோறும் காலி வீதியில் ஓட்டோ பிடிக்கிறவள் மாதிரி.

பக்கத்தில் நின்ற நானா வாயைத் திறக்கப் பார்த்தார். அதற்குள் பிலோமினாக்கா சொன்னார்: "பிள்ளை, போட் பிந்தினா நாங்கள் வீட்டுக்குள்ள இருக்கிறேல்லை. சோத்துப் பார்சலோட கரைக்குப் போயிடுவம். கடலால வாறவன் முதல் காணுறது எங்கட முகமா இருக்கவேணும். கப்பல் பெருசெண்டாப்போல அது மாறுமே? மச்சாள் வீட்டுச் செற்றிக் கதிரையில இருந்துகொண்டு நான் என்னத்தைப் பாக்கிறது? துறைமுக வாசலுக்குக் கிட்ட எது?"

"கொட்டாஞ்சேனைதான்" என்றார் நானா. தனக்குத் தெரிந்த ரோசி அன்ரி என்பவரின் வீட்டில் மேல்மாடி அறை வாடகைக்கு இருப்பதாகச் சொல்லி, அங்கேயே நின்று தொலைபேசியில் பேசி ஒழுங்கும் செய்துவிட்டார்.

"நீயும் வா பிள்ளை. உனக்குத்தான் அங்கத்த மூலை முடுக்கெல்லாம் தெரியுமே" என்றார் பிலோமினாக்கா. நான் குனிந்து சீற் பதிகிற கொப்பியைப் புரட்டினேன். அந்த நேரம் பார்த்து வந்த கடை முதலாளி சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. "போட்டு வா. நீ விக்கிற ஊரை நீயும் ஒருக்காப் பாக்கத்தானே வேணும்" என்று எனக்கும் ஒரு சீற் தந்தார்.

விடியற்காலை கொட்டாஞ்சேனையில் இறங்கினோம். நான் கையை நீட்டி, "இந்தப் பக்கம்" என்று தைரியமாக நடந்தேன். ஒரு மரக்கறிச் சந்தைக்குள் போய் முட்டிக்கொண்டோம். பிலோமினாக்கா முகத்தை உயர்த்தி மூக்கை ஒருதரம் உறிஞ்சினார். "கடல் அங்கால" என்று திரும்பி நடந்தார். ஒழுங்கைகள், ஒட்டி ஒட்டி வீடுகள், பாண் சுடுகிற மணம். ஒரு பக்கம் கோயில் மணி, மறுபக்கம் பள்ளிவாசல் தொழுகை முடிந்து வருகிற ஆட்கள். எங்களை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அது எவ்வளவு பெரிய சுகம் என்று வன்னியிலிருந்து அந்த நாளில் போனவர்களுக்குத்தான் தெரியும். அந்த நிமிடமே எனக்கு அந்த இடத்தைப் பிடித்துவிட்டது.

ரோசி அன்ரி இரவு உடுப்போடு வந்து கதவைத் திறந்தார். "வாங்க மகள், உள்ளுக்கு வாங்க. டீ ஊத்தவா?" அடையாள அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிலோமினாக்கா தேத்தண்ணியைத் தொடவில்லை. "துறைமுக வாசலுக்கு எப்படிப் போறது?" என்று கேட்டு, பையைக் கீழே வைத்த கையோடு இறங்கிப்போய், வாசலைக் கண்டுவிட்டுத் திரும்பி வந்தார். வந்த பிறகுதான் குடித்தார், அதுவும் ஆறிப்போனதை.

பிறகு அன்ரியின் குசினி அவர் கைக்குள் போனது. சந்தையில் சுறா வாங்கப் போன இடத்தில் அவர் செய்த அட்டகாசத்தைச் சொல்லவேண்டும். செவுளைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதென்ன மீனோ, மீனின்ர படமோ?" என்று கேட்டார். வியாபாரிக்குத் தமிழ் விளங்கியது போல, உள்ளே போய் வேறொன்று எடுத்து வந்தான். அந்தச் சுறாவில் தேங்காய்ப்பூப் போட்டு வறை, அதோடு புட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி. அடுப்பில் கறி கொதிக்க, மச்சாள் தொலைபேசியில் கொதித்தா. "கொட்டாஞ்சேனையிலயோ நிக்கிறியள்? ஆரும் கேட்டா நான் என்ன சொல்லுறது?"

"கடலுக்கு வந்தனான் எண்டு சொல்லு" என்று இவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

கறி இறக்கின கையோடு போய், துறைமுக வாசலுக்கு எதிரேயிருந்த தேத்தண்ணிக் கடையோரத்தில் நின்றோம். லொறிகள் போய்வந்தபடி இருந்தன. வெயில் ஏறியது. எனக்குக் கால் கடுத்து, "அறையில கொஞ்சம் சரிஞ்சிட்டு வருவம் அக்கா" என்று கெஞ்சினேன். "நீ போ பிள்ளை, நான் நிக்கிறன்" என்றார். எப்படிப் போவது? நானும் நின்றேன். ஒரு காவலாளி வந்து சிங்களத்தில் ஏதோ கேட்டான். பிலோமினாக்கா வயிற்றில் கையை வைத்து, பிறகு கப்பல்கள் இருக்கும் பக்கம் காட்டினார். அவன் போய் ஒரு மரப்பெட்டியைத் தூக்கி வந்து அவர் இருக்கப் போட்டான்.

மத்தியானத்துக்குப் பிறகு பிலோமினாக்காவின் கைபேசியில் றெஜி வந்தான். "அம்மா, விடமாட்டினம் போல கிடக்கு. வேலை கெதியா முடிஞ்சிட்டுது, கப்பல் வெளிக்கிடப் போகுது." பிலோமினாக்கா, "சரி ராசா" என்றார். சாப்பாட்டுப் பாத்திரத்தைத் துவாயால் இன்னும் இறுக்கிச் சுற்றினார். அந்த இடத்தை விட்டு அசையவில்லை. எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

வெயில் தணியும் நேரம் தொலைபேசி திரும்பவும் அடித்தது. அவன் மூச்சு வாங்குவது எனக்கும் கேட்டது. "அம்மா, வெளியால வந்திட்டன்! உடன திரும்பவேணும். நீங்கள் வெள்ளவத்தையில எண்டா வந்து சேரமாட்டியள் என்ன..."

"டேய், றோட்டுக்கு இங்கால பார்."

திரும்பினான். நீல உடுப்பு, மெலிந்த கழுத்து. லொறியையும் பார்க்காமல் றோட்டைக் கடந்து ஓடிவந்தான். தேத்தண்ணிக் கடை வாங்கில் இருத்தி, கையைக் கழுவவும் விடாமல், பிலோமினாக்காவே புட்டும் வறையும் குழைத்து வாயில் தீத்தினார். அவன் வாய் நிறையப் புட்டு, கண் நிறையத் தண்ணி. பாத்திரம் முடியுமுன்னரே எழும்ப வேண்டியிருந்தது. மிச்சத்தை அப்படியே கையில் கொடுத்து அனுப்பினார். வாசலுக்குள் போகும் வரை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "நல்ல இடம் பிள்ளை, கொட்டாஞ்சேனை" என்றார். அந்த மனுசியை நினைத்தால் இன்றைக்கும் எழும்பி நிற்கத் தோன்றும். வெள்ளவத்தைக் கடற்கரை, காலிமுகத்திடல் ஒன்றையும் அவர் பார்க்கவில்லை, பார்க்கக் கேட்கவுமில்லை.

அந்த பஸ் கடை இப்போது இல்லை. சீற் எல்லாம் கைபேசியிலேயே பதிகிறார்கள். ரோசி அன்ரியின் வீட்டை இடித்து அடுக்குமாடி எழுப்பிவிட்டார்கள். நானா மகளோடு போய்ப் புத்தளத்திலேயே தங்கிவிட்டார். கொரோனா வந்த காலத்தில் பிலோமினாக்கா நெஞ்சு நோவில் போய்ச் சேர்ந்தார். அப்போது றெஜியின் கப்பல் எங்கேயோ நடுக்கடலில் நின்றது. எந்தத் துறைமுகமும் ஆட்களை இறங்க விடவில்லை. அம்மாவின் முகத்தை அவன் கைபேசியில்தான் பார்த்தான்.

அதற்குப் பிறகு அவன் கப்பலுக்குப் போகவில்லை. முல்லைத்தீவில் சொந்தமாக ஒரு போட் வைத்திருக்கிறான், கலியாணமும் முடித்துவிட்டான். போன மாதம் மீன் வாங்கக் கரைக்குப் போனபோது கண்டேன், வலை தட்டிக்கொண்டிருந்தான். கரையில் பெண்கள் ஒருவரையும் காணவில்லை. கேட்டேன்.

"இப்ப ஆரக்கா வந்து நிக்கினம்? சிக்னல் வந்த உடன வீட்டுக்கு ஃபோன் அடிச்சுச் சொல்லிடுவம், அவையள் அடுப்பை மூட்டுவினம்" என்றான். வலையிலிருந்து ஒரு நண்டைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கடல் பக்கம் திரும்பினான்.

"எண்டாலும் கரை தெரியத் தொடங்கினா எழும்பி நிண்டு பாக்கிறனான் அக்கா. அம்மா நிக்கிற இடத்தில இப்ப எஞ்சின் வைக்கிற கொட்டில்தான் நிக்குது. தெரியும். எண்டாலும் பாக்கிறன்."