ஒரு கட்டத்துக்குள் மூன்று படிப்புகள்

சென்ற சனிக்கிழமை பிராங்பேர்ட் போய் வந்தேன். ஜெர்மனியில் அகதி விண்ணப்பம் போட்டவன், தன்னை வைத்திருக்கிற வுப்பர்டால் நகரைத் தாண்டுவதற்கு, காரணம் எழுதிக் கொடுத்து அனுமதித் தாள் வாங்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். 'ஒரு மாணவியின் விண்ணப்பத்தை நிரப்ப உதவி' என்று எழுதினேன். அலுவலகப் பெண்மணி நிமிர்ந்து பார்த்தார். உங்களுடையதே இன்னும் முடியவில்லையே என்று கேட்டுவிட்டு, முத்திரை குத்தினார்.

மாணவியின் பெயர் வித்யா. பதினேழு வயது. அப்பா சுந்தரம் சென்னைக்காரர். அமெரிக்கக் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர். கம்பெனி செலவில் பெண் பிராங்பேர்ட்டிலேயே அமெரிக்கப் பள்ளியில் கடைசி வகுப்புப் படிக்கிறாள். இனி அவளைப் பிரிட்டனுக்கு அனுப்ப வேண்டும். நான் யாழ்ப்பாணத்தில் லண்டன் ஏ.எல். எடுத்தவன், பிறகு பத்திரிகையில் செய்தி திருத்தியவன்... உதவிக்கு அழைக்க இது போதாதா?

படிவம் ஒன்றுதான். ஐந்து பல்கலைக்கழகங்களை அதிலேயே எழுத வேண்டும். ஐந்துக்கும் அதன் நகல் போகும். சுந்தரம் பென்சிலால் நிரப்பியே வைத்திருந்தார். முதல் இரண்டுக்கும் மருத்துவம். அடுத்த இரண்டுக்கும் இன்ஜினியரிங். கடைசியில் சட்டம்.

"ஒண்ணு போனா இன்னொண்ணு சார். நம்ம ஊர்ல அப்படித்தானே போடுவோம்?"

அப்படித்தான். அமெரிக்காவிலும் முதலில் காலேஜில் சேர்ந்துவிட்டு, பாடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம். பிரிட்டனில் முடியாது. என்ன படிக்க வருகிறாய், ஏன் — இதை முதலிலேயே சொல்லியாக வேண்டும். 'ஏன்' என்பதற்குக் கட்டமும் ஒன்றுதான். மருத்துவப் பேராசிரியர் அதே தாளில் சட்டத்தையும் பார்ப்பார். பார்த்துவிட்டு?

மூன்று படிப்புக்கும் பொருந்துகிற ஒரு பத்தி — அதற்குத்தான் என்னை அழைத்திருக்கிறார். நான்கு தரம் எழுதிப் பார்த்தேன். 'மக்கள் சேவை' என்று தொடங்கினால் மூன்றுக்கும் பொருந்தியது. இரண்டாவது வரிக்கு மேல் யாரும் வாசிக்க மாட்டார்கள்.

மேசையில் வித்யாவின் கட்டுரை ஒன்று கிடந்தது. தன்னைப் பற்றி மூன்று பக்கம் எழுதுவது அமெரிக்கப் பள்ளி வழக்கம். முதல் பக்கத்தில் நீச்சலும், பள்ளி நிதிக்குக் கேக் விற்றதும். மற்ற இரண்டு பக்கமும் ரைன் ஆற்றங்கரையில் பொறுக்கிய கற்கள். எந்தக் கல் எங்கிருந்து உருண்டு வந்தது என்பது வரை.

"பிள்ளை, உமக்கு இதுதானோ விருப்பம்?"

"ஆமா அங்கிள், ஜியாலஜி. கல்லு பொறுக்க லண்டன் போகணுமான்னு அப்பா கேப்பார்."

அப்பா அதையே கேட்டார்.

"அண்ணை, மூண்டு காரணம் சொன்னா ஒண்டையும் நம்பமாட்டாங்கள்" என்றேன். "நான் சொல்லிப் பார்த்தவன்."

என் அகதி விண்ணப்பத்தில் மூன்று காரணங்கள் இருந்தன. ஒன்று எனக்கு நடந்தது. மற்ற இரண்டும், இதையும் போடுங்கோ, பலமாயிருக்கும் என்று முன்னால் வந்தவர்கள் சொல்லித் தந்தவை. விசாரணை அதிகாரி அந்த இரண்டைத்தான் துருவினார். நடந்ததைப் பற்றி அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நிராகரித்துவிட்டார். இப்போது மேல்முறையீட்டில் அந்த ஒன்று மட்டும் இருக்கிறது.

சுந்தரம் அழிரப்பரைத் தேடினார். ஐந்து இடத்திலும் வித்யா பேனாவால் ஜியாலஜி என்று எழுதினாள். நீச்சலையும் கேக்கையும் வெட்டினேன். கற்கள் கட்டத்துக்குள் அடங்கின.

வாசல்வரை வந்த சுந்தரம் தாழ்ந்த குரலில் கேட்டார்: "உங்க அப்பீல்ல இப்ப ஒரே காரணம் எழுதினீங்களே சார்... அது பாஸாச்சா?"

"இன்னும் பதில் வரேல்லை."

அவர் சட்டென்று திரும்பி உள்ளே பார்த்தார். பள்ளி வழியாக அனுப்ப வேண்டிய விண்ணப்ப உறையை வித்யா ஒட்டிவிட்டிருந்தாள்.